பதினெட்டு டிகிரி

முத்துச்செல்வி பெட்ரோல் திருடுகிறாள் என்று முதலாளி விஜயராஜ் சொன்னபோது அலுவலகத்தில் ஆறு பேர் இருந்தார்கள். மானேஜர் காசிலிங்கம், கணக்குப் பார்க்கும் ஜெயபிரியா, சுங்கத்துறைக்குக் காகிதம் கொண்டுபோகும் இருவர், கையெழுத்து வாங்க வந்திருந்த வேறொரு ஏஜென்சிக்காரர், டீ கொண்டுவந்த பெண். முதலாளி குரலைத் தணிக்கவில்லை.

“பெட்ரோல் பங்க்குல பாதியக் கேன்ல பிடிச்சிட்டு, முழுசுக்கும் பில்லக் கொண்டாந்து நீட்டுதா. லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் குடுத்த வண்டி இப்ப எட்டுதான் குடுக்கு. மிச்சம் ஆவியாவா போச்சு?”

முத்துச்செல்வி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் மாலுமிகளை மதுரை விமான நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது அவள் வேலை. விஜயராஜின் கப்பல் ஏஜென்சியில் ஆறு வருடமாக ஓட்டுகிறாள். துறைமுக வாசலில் காத்து நிற்கும் டிரைவர்களில் அவள் ஒருத்திதான் பெண்.

“அண்ணாச்சி, வண்டியில கோளாறுன்னு நான் மூணு தடவ சொல்லிட்டேன்” என்றாள்.

“மூணு தடவையும் சர்வீசுக்கு விட்டாச்சு. வண்டி நல்லா இருக்குன்னு கம்பெனிக்காரனே சொல்லுதான். அப்ப கோளாறு யார்கிட்ட?”

ஜெயபிரியா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காசிலிங்கம் எழுந்து வந்து சாவிக்காகக் கையை நீட்டினார். அவர் முகத்தில் சங்கடம் இருந்தது. ஆனாலும் கை நீண்டுதான் இருந்தது.

மதியத்துக்குள் டிரைவர்களின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்துவிட்டது. ஊரில் உள்ள எல்லா ஏஜென்சி டிரைவர்களும் முதலாளிகளும் இருக்கும் குழு அது. ‘பெட்ரோல் திருட்டு காரணமாக முத்துச்செல்வியை நிறுத்தியிருக்கிறோம். யாரும் வேலை கொடுக்கும் முன் என்னிடம் கேட்டுக்கொள்ளவும்’ என்று விஜயராஜ் போட்டிருந்தார். நாற்பத்தொரு பேர் அதைப் படித்திருந்தார்கள். ஒருவரும் மறுத்துக் கேட்கவில்லை.

அவள் கணவன் சுடலைக்கண்ணன் மஸ்கட்டில் வெல்டர். செய்தி அவனுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. சாயங்காலம் கூப்பிட்டான்.

“விட்டுரு ளா. பெரிய எடம். அவங்ககூட மல்லுக்கு நிக்க முடியுமா? வேற வேல பாப்போம்.”

“நான் எடுக்கலன்னு நீங்க நம்புதியளா, இல்லியா?”

“நம்புதேன். ஆனா...”

“ஆனா என்ன ஆனா?” என்று போனை வைத்துவிட்டாள். திருட்டுப் பட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், மூன்று தடவை சொல்லியும் அவள் சொன்னது எந்தக் காதிலும் ஏறவில்லையே, அதுதான் அவளை அறுத்தது.

அந்த வண்டி ஏழு பேர் உட்காரும் டர்போ பெட்ரோல் கார். போன டிசம்பர் வெள்ளத்தில் ஷெட்டுக்குள் சக்கரம் மூழ்கத் தண்ணீர் நின்றது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் மூன்று வாரம் வைத்திருந்து, வயரிங் முழுக்கப் புதிதாகப் போட்டுத் தந்ததாக பில் கொடுத்தார்கள். பிப்ரவரியிலிருந்து கோளாறு ஆரம்பமானது. நின்று கிளம்பும்போது பெட்ரோல் வாடை அடித்தது. லாரியைத் தாண்டுவதற்காக மிதித்தால் வண்டி மூச்சுவாங்கிப் பின்னால் கறுப்பாகக் கக்கியது. சைலன்சர் வாயை விரலால் தடவினால் அடுப்புக்கரி மாதிரி ஒட்டியது. இன்னொன்றும் இருந்தது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் டேஷ்போர்டில் நீல நிறத்தில் ஒரு விளக்கு எரியும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம். இரண்டு கிலோமீட்டருக்குள் அணைந்துவிடுகிற விளக்கு, மார்ச்சுக்குப் பிறகு மதுரை போய்ச் சேரும்வரை எரிந்தது.

இத்தனையையும் அவள் சர்வீஸ் சென்டரில் சொன்னாள். முன்மேசையில் இருந்தவர் டைப் பண்ணுவதுபோலக் கேட்டுக்கொண்டு, “ஆக்சிலேட்டரை ரொம்ப மிதிக்கிறீங்க மேடம். லேடீஸ் ஓட்டுனா கொஞ்சம் அப்படித்தான் வரும். ஏசியைக் குறைச்சு வைங்க, அந்த லைட்டு போயிடும்” என்றார். முதல் தடவை ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். இரண்டாவது தடவை அதே சென்சாரைத் திரும்ப மாற்றினார்கள். மூன்றாவது தடவை, இனி டர்போவையே மாற்ற வேண்டியிருக்கும், டிரைவிங் சரியில்லாததால் வாரண்டியில் வராது என்று விஜயராஜுக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். வண்டியின் குறைகளை எழுதும் ஜாப் கார்டில் ஒரு தடவைகூட அந்த நீல விளக்கைப் பற்றி எழுதவில்லை.

மறுநாள் காலையில் அவள் அலுவலகம் திறந்ததும் போய் நின்றாள்.

“எனக்கு ஒரு நாள் வண்டியத் தாங்க. காசிலிங்கம் அண்ணாச்சி கூட வரட்டும். டேங்கை நிரப்பி மூடிக்கு சீல் வைங்க. ஓட்டிட்டு வந்து திரும்ப நிரப்பிப் பாப்போம். நான் எடுத்தேனா வண்டி குடிக்கான்னு தெரிஞ்சிரும்.”

“எனக்கு வேற வேல இல்லையா?” என்றார் விஜயராஜ்.

“அப்ப போலீஸ்ல கம்ப்ளைண்ட் குடுங்க. அவங்க வந்து பாக்கட்டும். அதுவும் செய்யாம குரூப்புல மட்டும் எழுதினா எப்படி?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். போலீஸ் என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. “கூட்டிட்டுப் போய்த் தொலைங்க” என்று காசிலிங்கத்திடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மூன்றாம் மைல் பெட்ரோல் பங்க்கில் டேங்கை நிரப்பினார்கள். காசிலிங்கம் ஆபீஸ் சீல் குத்திய தாளை மூடியின் மேல் ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டார். இத்தனை வருடத்தில் அவள் ஓட்டும் வண்டியில் அவர் முன்சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான்.

திருச்செந்தூர் சாலையில் போனார்கள். மே மாத வெயிலில் உப்பளங்கள் கண்ணைக் கூசவைத்தன. ஆறுமுகநேரிக்கு முன்னால் உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே வண்டி இல்லை என்று பார்த்துவிட்டு முத்துச்செல்வி மிதித்தாள். கார் முன்னே பாயவில்லை. தயங்கியது, உதறியது, பிறகுதான் நகர்ந்தது. காசிலிங்கம் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் பைக்கில் வந்தவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். அவருக்கும் வண்டிக்கும் நடுவில் கறுப்புப் புகை தொங்கியது.

“இது எப்பவும் இப்படியா?”

“இதத்தான் அண்ணாச்சி மூணு மாசமா சொல்லுதேன்.”

கொஞ்ச தூரம் போனதும் அவர் டேஷ்போர்டைக் காட்டினார். “அந்த நீல விளக்கு என்னது?”

“இன்ஜின் குளுந்து கெடக்குன்னு சொல்லுது.”

காசிலிங்கம் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

திருச்செந்தூர் வரை போய்த் திரும்பி வந்து அதே பங்க்கில் நிறுத்தினார்கள். சீல் கிழியாமல் இருந்தது. அவரே கிழித்தார். எண்பது கிலோமீட்டருக்குப் பத்தரை லிட்டர் பிடித்தது. காசிலிங்கம் மனதுக்குள் வகுத்துப் பார்த்துவிட்டு அந்த பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“எட்டுகூட வரல” என்றார் மெதுவாக.

“நீங்க கூடவே இருந்தியள்ளா. நான் கேன்ல பிடிச்சேனா?”

அவர் வண்டியை ஒருமுறை சுற்றிவந்துவிட்டு, “வண்டிய யார்கிட்டயாவது காட்டணும்” என்றார்.

முத்துச்செல்வி நேசக்குமாரிடம் கொண்டுபோனாள். புதிய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வண்டிகளின் எலெக்ட்ரிகல் வேலை மட்டும் பார்க்கிற ஒர்க்‌ஷாப் அவனுடையது. முப்பது வயதுதான் இருக்கும். அதிகம் பேசாதவன். அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். நீல விளக்கைச் சொன்னபோது மட்டும், “எப்பத்துலருந்துக்கா?” என்று திருப்பிக் கேட்டான். மூன்று மாதத்தில் அவளிடம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவன்தான்.

வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினான். “எரர் கோட் என்ன சொல்லுதுன்னா, பெட்ரோல் கூட, காத்து கம்மி. இதப் பாத்துட்டுதான் ஆக்சிஜன் சென்சார மாத்திருக்காங்க. அது சைலன்சர் பக்கம் ஒக்காந்து பொகையில ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்குற சாமான். அது சரியாத்தான் சொல்லிருக்கு. சொன்னவனத் தூக்கிட்டு வேற ஆளப் போட்டுருக்காங்க. அவனும் அதையேதான சொல்லுவான்?”

பிறகு வண்டி ஓடும்போதே ஒவ்வொரு சென்சாரும் என்ன அளவு காட்டுகிறது என்று வரிசையாகத் திரையில் ஓடவிட்டான். ஒரு வரியில் விரல் நின்றது.

“இங்க பாருங்க. இன்ஜின் தண்ணி பதினெட்டு டிகிரி.”

காசிலிங்கம் குனிந்து பார்த்தார். “அப்படின்னா?”

“இந்த வண்டி இப்ப கொடைக்கானல்ல மார்கழி மாசம் நிக்கிறதா நெனச்சிட்டிருக்கு சார். குளுருல இன்ஜின் ஓடணும்னா பெட்ரோல் கூட வேணும். கம்ப்யூட்டரும் பாவம், ஊத்து ஊத்துன்னு ஊத்துது.” சூடு பார்க்கும் துப்பாக்கி போன்ற கருவியை எடுத்து இன்ஜினில் தண்ணீர் போகும் பாகத்தில் காட்டினான். எண்பத்தெட்டு. “தண்ணிச் சூடு பாக்குற சென்சார் அடியோட அறுந்திருந்தா கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிரும். இது நம்புற மாதிரி பொய் சொல்லுது. அதான் மாட்டல.”

எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்துத் திரும்ப விட்டு எடுத்தான். எண்ணெய் மேல்கோட்டுக்கும் மேலே ஏறியிருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு முத்துச்செல்வியிடம் நீட்டினான். பெட்ரோல் வாடை.

“எரியாத பெட்ரோல் எண்ணெயில எறங்கிருக்கு. இன்ஜினுக்குக் காத்தத் தள்ளுற டர்போ நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்துற சாமான்கா. அது இந்த எண்ணெயிலதான் மெதக்குது. இன்னும் ஒரு மாசம் ஓட்டியிருந்தீங்கன்னா நடுரோட்டுல நின்னுருக்கும். அப்பவும் பழி ஓட்டுனவங்க மேலதான் விழுந்திருக்கும்.”

சென்சாரைக் கழற்றி அளந்தான். சென்சார் நல்லதுதான். அதற்கு வரும் சொருகியின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் சேர்த்தான். அப்படிச் செய்தால் திரையில் அளவு உச்சத்துக்குப் போக வேண்டும் என்றான். இருபதில் நின்றது. “அப்ப வயருலதான்” என்று சொல்லிவிட்டு பேட்டரியைத் தூக்கினான். கீழே வயர் கட்டில் ஓரிடம் மட்டும் புடைத்திருந்தது. கறுப்பு டேப்.

அவன் கத்தியை எடுத்ததும் முத்துச்செல்வி அவன் கையைத் தடுத்தாள். “நில்லு தம்பி. அண்ணாச்சி, வீடியோ எடுங்க. தேதி, நேரம் எல்லாம் சொல்லிட்டு எடுங்க.”

காசிலிங்கம் போனைப் பிடித்தார். தேதியையும் நேரத்தையும் உரக்கச் சொன்னார். நேசக்குமார் டேப்பை மெல்ல உரித்தான். உள்ளே இரண்டு வயர் முனைகள் கயிறு மாதிரி முறுக்கிவிடப்பட்டிருந்தன. ஈயத்தால் பற்றவைக்கவில்லை. முறுக்கு முழுக்கப் பச்சைப் பொடி. தொட்டதும் உதிர்ந்தது.

“உப்புக் காத்து” என்றான். “இந்த ஊர்ல வயர முறுக்கி டேப் மட்டும் சுத்துனா நாலு மாசம்கூடத் தாங்காது. புது வயரிங் போட்டதா சொன்னீங்க?”

“பில் இருக்கு” என்றார் காசிலிங்கம். “முழுக்கப் புதுசுன்னு பில் இருக்கு.”

வீடியோவும் பில்லுமாக அவர்கள் நேரே சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். வயரை அதுவரை சரிசெய்யவில்லை. அப்படியே காட்ட வேண்டும் என்று முத்துச்செல்வி சொல்லிவிட்டாள். அங்கே மேலாளர் கண்ணாடி அறையில் உட்காரவைத்தார். காசிலிங்கத்துக்கு மட்டும் தண்ணீர் பாட்டில் வந்தது. முத்துச்செல்வி நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். மேலாளர் காசிலிங்கத்தைப் பார்த்தபடியே அதைக் கேட்டுவிட்டு, அவரிடமே சொன்னார்.

“சார், வெளி மெக்கானிக் கை வெச்சுட்டாரு. இனி எங்களால ஒண்ணும் சொல்ல முடியாது. அந்த ஜாயின்ட்டை அவரே போட்டிருக்கலாம்.”

“நாலு மாசப் பச்சையை அரை மணி நேரத்துல எப்படி சார் பூக்க வைக்க முடியும்?” என்று கேட்டாள் அவள்.

மேலாளர் மறுபடியும் காசிலிங்கத்திடமே சொன்னார். “டிரைவர்ங்க இப்படித்தான் சார் பேசுவாங்க. நீங்க படிச்சவங்க, உங்களுக்குப் புரியும்.”

முத்துச்செல்வி எழுந்தாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. “நான் இங்கதான் இருக்கேன். மூணு மாசமா உங்ககிட்ட வந்து சொன்னது நான். நீங்க போன் போட்டு டிரைவிங் சரியில்லன்னு சொன்னீங்களே, அது என்னய. எனக்குப் பதில் சொல்லுங்க.” மேலாளர் அப்போதும் அவளைப் பார்க்கவில்லை. கம்ப்ளைண்ட்டை மெயிலில் அனுப்பச் சொன்னார்.

அன்று மாலைக்குள் நேசக்குமார் அந்த வயரை வெட்டி, புதிய துண்டு வைத்துப் பற்றவைத்து, உப்பு புகாதபடி உறை போட்டான். எண்ணெயை மாற்றினான். ப்ளக்குகளைச் சுத்தம் செய்தான். கிளப்பி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் நீல விளக்கு அணைந்தது. மிதித்தால் வண்டி பழையபடி இழுத்தது. முத்துச்செல்வி இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தாள். சந்தோஷமா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் காசிலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். விஜயராஜ் வீடியோவைப் பாதிவரை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“சரி. வண்டி சரியாயிட்டுல்லா. மத்தியானம் ரெண்டு பேரக் கூட்டிட்டு மதுரை போகணும். சாவிய எடுத்துக்கோ.”

“அண்ணாச்சி, நான் பெட்ரோல் எடுக்கலன்னு சொல்லுங்க.”

“அதான் தெரிஞ்சு போச்சே.”

“உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சா பத்தாது. நான் எடுத்தேன்னு ஆறு பேரு முன்னால சொன்னிய. குரூப்புல நாப்பது பேரு படிச்சாவ. எடுக்கலன்னு அங்கன சொல்லுங்க.”

“நான் உங்கிட்ட மன்னிப்பு கேக்கணும்ங்கியா?”

“மன்னிப்பு வேண்டாம். முத்துச்செல்வி பெட்ரோல் எடுக்கல. அவ்வளவுதான் கேக்கேன்.”

விஜயராஜின் முகம் சிவந்தது. மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். பிறகு எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காசிலிங்கம் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, “அந்தப் பிள்ளை எடுக்கல. நான் கூட இருந்து பாத்தேன்” என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

“நீங்க சொன்னதுக்கு சந்தோசம் அண்ணாச்சி. ஆனா பழி போட்டது அவருல்லா” என்று சொல்லிவிட்டு முத்துச்செல்வி வெளியே வந்தாள். சாவி மேசையிலேயே இருந்தது.

அடுத்த பத்து நாளில் நான்கு ஏஜென்சிகளில் கேட்டுப் பார்த்தாள். ஒருவர் நேராகவே, “விஜயராஜ் அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லட்டும்மா” என்றார். மற்றவர்கள் அப்புறம் சொல்வதாகச் சொன்னார்கள். துறைமுக வாசலில் அவளோடு நின்ற டிரைவர்கள் அவளைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். நேசக்குமார் டேப்பை உரித்த வீடியோவை அவளே குழுவில் போட்டாள். இரண்டு பேர் கும்பிடும் கைப்படம் போட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

பதினோராம் நாள் காசிலிங்கம் போன் செய்தார். முதல்நாள் விஜயராஜ் தானே காசிலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போயிருக்கிறார். புது வயரிங்குக்கான பில்லை மேசையில் போட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். மேலாளர் வாடிக்கையாளர்கள் நிறைந்த கூடத்தில் வைத்தே, “உங்க டிரைவரும் அந்த ஒர்க்‌ஷாப்காரரும் சேர்ந்து வயரை வெட்டி வீடியோ எடுத்திருக்காங்க, நீங்களும் அதுக்கு உடந்தையா சார்? இது ஏமாத்து வேலை” என்று சொல்லிவிட்டார்.

“வரும்போது வண்டியில ஒரு வார்த்தை பேசல. ‘என்னயப் போய் ஏமாத்துக்காரன்னு சொல்லுதான் காசி, அத்தன பேரு பாத்தாவ’ன்னு மட்டும் சொன்னாரு. ராத்திரி முழுக்கத் தூங்கலையாம்.”

“எனக்குப் பதிமூணு ராத்திரி அண்ணாச்சி” என்றாள் முத்துச்செல்வி.

அன்று சாயங்காலம் துறைமுக வாசலில் அவள் வேறொரு டிரைவரிடம் வேலை விசாரித்துக்கொண்டிருந்தபோது விஜயராஜின் கார் வந்து நின்றது. அவரே இறங்கினார். டிரைவர்கள் பத்துப் பதினைந்து பேர் டீக்கடையோரம் நின்றிருந்தார்கள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவர்களைப் பார்த்து, கசப்பு மருந்தைத் துப்புகிறவர் மாதிரி, “முத்துச்செல்வி பெட்ரோல் எடுக்கல. வண்டிக் கோளாறு. நான் விசாரிக்காம சொல்லிட்டேன்” என்றார். போனை எடுத்து அதையே குழுவில் எழுதி, போய்ச் சேர்ந்ததா என்று ஒருவரிடம் கேட்டார். வந்துவிட்டது அண்ணாச்சி என்றார்கள்.

பிறகுதான் அவள் பக்கம் திரும்பினார். “வாரியா?”

“வாரேன். ஆனா அந்த சர்வீஸ் சென்டர சும்மா விடக்கூடாது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவணும்.”

“போவோம்” என்றார். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே கோபம்.

புகார் மனுவை எழுதிய வக்கீல் ‘எங்கள் ஓட்டுநர்’ என்று போட்டிருந்தார். முத்துச்செல்வி தன் பெயரைப் போடச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் என்ன சொன்னாள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள், எந்தத் தேதி, எல்லாவற்றையும் அவளே சொல்ல அவர் எழுதினார். நீல விளக்குக்கு மட்டும் ஒரு தனிப் பத்தி வந்தது.

ஆகஸ்ட்டில் முதல் விசாரணை. சர்வீஸ் சென்டர் வக்கீல் அவகாசம் கேட்டார், கிடைத்தது. வெளியே வராந்தாவில் அவர் காசிலிங்கத்திடம் வந்து, சமரசமாகப் பேசி முடித்துக்கொள்ளலாமே என்று தொடங்கினார்.

“எங்கிட்ட பேசுங்க” என்றாள் முத்துச்செல்வி.

வக்கீல் அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க மெக்கானிக்காம்மா?”

“இல்ல. வண்டி ஓட்டுறவ.”

அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வந்தார். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். சற்று யோசித்துவிட்டுப் பையைத் திறந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தார். “சரி, சொல்லுங்க. முதல்ல எப்ப கவனிச்சீங்க?” என்று கேட்டார். முத்துச்செல்வி பிப்ரவரியிலிருந்து தொடங்கினாள்.